மேலே இயந்திரம், கீழே எண்ணெய்

மின்சாரம் நின்றுவிட்டால் ஒரு பெரிய மருத்துவமனையில் எவையெல்லாம் நின்றுபோகும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். விளக்கும் விசிறியும் மின்தூக்கியும் முதலில் நினைவுக்கு வரும். சற்றே யோசித்தால் செயற்கைச் சுவாசக் கருவி, அறுவைக் கூடத்து விளக்கு, குறைமாதக் குழந்தைகளை வைத்துக் காக்கும் வெப்பப் பெட்டி, இரத்தத்தையும் மருந்தையும் கெடாமல் வைத்திருக்கும் குளிர்பெட்டி, மேல்மாடிகளுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். இவற்றுள் சில, ஐந்து நிமிடம் நின்றாலே உயிருக்கு ஆபத்து. ஆகவேதான் பெரிய மருத்துவமனைகள் ஊர் மின்சாரத்தை மட்டும் நம்பியிராமல் சொந்தமாக டீசல் ஜெனரேட்டர் வைத்துக்கொள்கின்றன.

ஜெனரேட்டர் இருக்கிறது என்றதும் நாம் நிம்மதி அடைந்துவிடுகிறோம். அதற்கு எண்ணெய் எங்கிருந்து வருகிறது, எந்த வழியாக வருகிறது, எதன் வலிமையால் வருகிறது என்று கேட்பதில்லை. இயந்திரத்தோடு ஒட்டியுள்ள தொட்டியில் சில மணி நேரத்துக்கு வேண்டிய எண்ணெய்தான் கொள்ளும். நாட்கணக்கில் ஓட வேண்டுமானால் வெளியே ஒரு பெரிய தொட்டி வைத்து, அதை இயந்திரத்தோடு குழாயால் இணைத்தாக வேண்டும். அந்த இணைப்பைப் பற்றியதே இக்கட்டுரை.

ஒரு நாவலையோ நாடகத்தையோ விமர்சிப்பது போல ஒரு பொறியியல் ஏற்பாட்டையும் விமர்சிக்கலாம் என்பது என் கருத்து. அமைத்தவர் எதை எண்ணி அமைத்தார்? எண்ணியது நிறைவேறிற்றா? பிசகியது எங்கே? அந்தப் பிசகு தவிர்க்கக் கூடியதுதானா? இந்த நான்கு கேள்விகள் இங்கும் பொருந்தும். விமர்சனத்துக்கு நான் எடுத்துக்கொள்வது அமெரிக்காவில் நியூயார்க் நகரத்து மருத்துவமனைகள் இரண்டில் இருந்த எண்ணெய் ஏற்பாடு.

2012 அக்டோபர் 29

சாண்டி என்று பெயரிடப்பட்ட புயல் 2012ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் இரவு நியூஜெர்சி மாநிலத்தில் கரை கடந்தது. கடல் பொங்கி நியூயார்க் நகரின் தாழ்ந்த பகுதிகளுக்குள் புகுந்தது. மன்ஹாட்டன் தீவின் தென்முனையில் பேட்டரி என்னும் இடத்தில் உள்ள அளவுகோல், தாழ்நீர் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 14 அடி காட்டிற்று. 1960இல் டோனா புயலின்போது அங்கே பதிவானது சுமார் 10 அடிதான். கரையோரத் துணைமின்நிலையம் ஒன்றில் நீர் புகுந்து வெடிப்பு ஏற்பட, தீவின் தென்பகுதி இருளில் மூழ்கியது.

தீவின் கிழக்குக் கரையில் பெல்வியூ மருத்துவமனை இருக்கிறது. 1736இல் தோன்றிய அது, அந்நாட்டின் மிகப் பழைய பொது மருத்துவமனை எனப்படுவது. அதன் அவசர ஜெனரேட்டர்கள் 13ஆம் மாடியில் இருந்தன. எந்த வெள்ளமும் அங்கே எட்டாது, அன்றும் எட்டவில்லை. ஆனால் அவற்றுக்கு எண்ணெய் ஏற்றும் பம்புகள் அடித்தளத்தில் இருந்தன. அடித்தளம் நீரால் நிறைந்தது. பம்புகள் நின்றன. மின்தூக்கிகளும் நின்றன. மருத்துவமனை ஊழியரும் தேசியக் காவற்படை வீரரும் படிக்கட்டில் வரிசையாக நின்று, டீசல் தகரங்களைக் கைமாற்றிக் கைமாற்றி 13 மாடி ஏற்றினார்கள். அடுத்த சில நாட்களில் நோயாளிகளை வேறு மருத்துவமனைகளுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. மருத்துவமனை மீண்டும் முழு அளவில் திறக்கப்பட்டது 2013 பிப்ரவரியில்தான்.

அதற்கு அருகிலேயே நியூயார்க் பல்கலைக்கழகத்தின் லாங்கோன் மருத்துவ மையம். அங்கும் எண்ணெய்த் தொட்டியும் பம்பும் கீழே இருந்தன. அங்கே அன்றிரவே 300க்கும் மேற்பட்ட நோயாளிகளை இருண்ட படிக்கட்டு வழியாக இறக்கினார்கள். அவர்களுள் 20 பேர் தீவிரச் சிகிச்சையில் இருந்த பச்சிளங் குழந்தைகள். சுவாசக் கருவி செய்யும் வேலையைத் தாதியர் தம் கையால் பையை அழுத்தியே செய்துகொண்டு ஒன்பது மாடி இறங்கினார்கள்.

மறுநாள் செய்திகளில் "ஜெனரேட்டர்கள் பழுதாயின" என்று வந்தது. என் முதல் கண்டனம் இந்தச் சொல்லின் மேல்தான். பெல்வியூவின் 13ஆம் மாடியில் இருந்த இயந்திரங்கள் பழுதாகவில்லை. தகரத்தில் எண்ணெய் கொண்டுவந்து ஊற்றியபோது அவை ஓடின அல்லவா? பட்டினி கிடந்தவனை நோயாளி என்று சொல்வது போன்றது இது. தவறான சொல் தவறான மருந்துக்கு வழிகாட்டும். ஜெனரேட்டர் பழுது என்று எழுதினால், "இன்னும் நல்ல ஜெனரேட்டர் வாங்குங்கள்" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். குறை இயந்திரத்தில் இல்லை. இயந்திரத்துக்கும் தொட்டிக்கும் நடுவே இருந்த இணைப்பில் இருந்தது.

பம்பு ஏன் கீழே இருந்தது?

"பம்பையும் 13ஆம் மாடியிலேயே வைத்திருந்தால் இந்தத் தொல்லை ஏது?" என்று உங்களுள் பலர் கேட்கக்கூடும். எங்கள் கல்லூரியில் இளங்கலை இயற்பியல் வகுப்பில் இக்கேள்வியைப் போட்டபோது, பெரும்பாலோர் பம்பை மேலே வைக்கவே சொன்னார்கள். வளிமண்டல அழுத்தம் 76 செ.மீ. பாதரசம் என்பதை அவர்கள் எல்லாரும் மனப்பாடமாக அறிவார்கள். அந்த 76 செ.மீ.க்கும் இந்தப் பம்புக்கும் என்ன உறவு என்று கேட்டால்தான் விழிக்கிறார்கள். மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பாதரசக் குழாயோடு பாடத்தை முடித்துவிட்டு, அதே விதி நம்மைச் சுற்றி எங்கெங்கே ஆட்சி செய்கிறது என்று காட்டாமல் விடுகிற நம் கற்பிக்கும் முறையே காரணம்.

உறிஞ்சும் பம்பு திரவத்தை இழுப்பதில்லை. குழாயின் உள்ளே இருக்கும் காற்றை அது வெளியேற்றுகிறது. உள்ளே அழுத்தம் குறைந்தவுடன், தொட்டியிலுள்ள திரவத்தின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வெளிக்காற்று திரவத்தைக் குழாய்க்குள் தள்ளுகிறது. தள்ளுவது காற்றாகையால் காற்றின் வலிமை எவ்வளவோ அவ்வளவு உயரம்தான் திரவம் ஏறும். கிணற்றுப் பம்புகள் 18 முழத்துக்கு மேல் நீரை ஏற்ற மறுப்பதை 1638இல் வெளிவந்த தமது நூலில் கலிலியோ குறிப்பிட்டார். அது ஏறத்தாழ 10 மீட்டர். அதன் காரணத்தைக் கண்டு சொன்னவர் அவருடைய சீடர் டாரிசெல்லி.

இப்போது டீசலுக்குக் கணக்கிடுவோம். டீசலின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 840 கிலோகிராம். இதை 9.8 ஆல் பெருக்கினால், 1 மீட்டர் உயர டீசல் தம்பம் தரும் அழுத்தம் 8,232 பாஸ்கல். வளிமண்டல அழுத்தம் 1,01,300 பாஸ்கல். வகுத்துப் பார்த்தால் 12.3 மீட்டர் வரும். குழாயில் உராய்வே இல்லாமல், பம்பு முழு வெற்றிடத்தை உண்டாக்கினாலும் டீசல் ஏறக்கூடிய எல்லை இதுதான். நடைமுறையில் இதில் ஒரு சிறு பகுதியே கிடைக்கும். இயந்திரத்தோடு பொருத்தப்பட்டுள்ள சிறிய பம்பு இரண்டு மூன்று மீட்டர் ஆழத்திலிருந்து உறிஞ்சினாலே பெரிது.

பெல்வியூவில் ஒரு மாடிக்கு 4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அடித்தளத்துக்கும் 13ஆம் மாடிக்கும் இடைவெளி சுமார் 50 மீட்டர். 12 மீட்டர் எல்லை எங்கே, 50 மீட்டர் எங்கே! எவ்வளவு விலையுயர்ந்த பம்பானாலும் மேலே இருந்துகொண்டு அந்த எண்ணெயை உறிஞ்ச முடியாது. கீழே இருந்து தள்ளத்தான் முடியும். 50 மீட்டருக்குத் தள்ள வேண்டிய அழுத்தம் 4,11,600 பாஸ்கல். அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் 4 மடங்கு. இதைத் தரும் பம்புகள் சாதாரணமாகக் கிடைப்பவையே.

ஆகவே தொட்டி அடித்தளத்தில் என்று முடிவானால் பம்பும் கீழேதான் இருந்தாக வேண்டும். அமைத்தவர்கள் அறியாமையால் அப்படிச் செய்யவில்லை. இயற்கை விதி அவர்களை அப்படிச் செய்யவைத்தது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகே விமர்சனம் தொடங்க வேண்டும். பம்பு கீழே இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அது நனையக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

ஒரு சிறு விளக்கின் திறன்

இன்னொரு கணக்கும் பாருங்கள். டீசல் ஜெனரேட்டர் ஒரு யூனிட் மின்சாரம் தரச் சுமார் கால் லிட்டர் டீசல் செலவாகும். 1,000 கிலோவாட் ஜெனரேட்டர் ஒன்று முழுச்சுமையில் ஓடுவதாகக் கொள்வோம். மணிக்கு 250 லிட்டர், அதாவது 210 கிலோகிராம் டீசல் வேண்டும். இதை 50 மீட்டர் உயர்த்தச் செய்ய வேண்டிய வேலை 210 × 9.8 × 50, அதாவது 1,02,900 ஜூல். ஒரு மணிக்கு 3,600 வினாடி. வகுத்தால் வரும் திறன் ஏறத்தாழ 29 வாட்!

மீண்டும் ஒருமுறை படியுங்கள். 10 இலட்சம் வாட் தரும் இயந்திரத்தை உயிரோடு வைத்திருக்க, எண்ணெயை உயர்த்துவதற்கு வேண்டிய திறன் வெறும் 29 வாட். பம்பின் திறமைக் குறைவையும் மோட்டாரின் இழப்பையும் சேர்த்து நான்கு மடங்கு கொடுத்தாலும் 116 வாட்தான். இரண்டு விசிறி ஓடும் மின்சாரம் அது. கட்டடத்தின் மற்ற உறுப்புகளுக்கெல்லாம் எவ்வளவோ பணமும் கவனமும் செலவிட்டிருப்பார்கள். அத்தனையும் இரண்டு விசிறியளவு வேலை செய்யும் ஒரு சிறு பம்பை நம்பியிருந்தன.

அந்தச் சிறு வேலையை மனிதர் செய்யப் புகுந்தபோது என்ன ஆயிற்று என்பதையும் கணக்கு சொல்லும். 250 லிட்டரை 20 லிட்டர் தகரங்களில் ஏற்றினால் ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்கு ஒரு தகரம் மேலே போய்ச் சேர வேண்டும். ஒவ்வொன்றிலும் எண்ணெயின் எடை மட்டும் 17 கிலோ. தனி ஆள் தூக்கிச் சென்றால் தகரத்தோடு தன் 60 கிலோ உடம்பையும் ஒவ்வொரு முறையும் 50 மீட்டர் ஏற்றியாக வேண்டும். அதனால்தான் அவர்கள் வரிசையாக நின்று கைமாற்றினார்கள். உடம்பு நின்ற இடத்தில் நிற்க, தகரம் மட்டும் ஏறியது. அந்த இரவில் அவர்கள் கண்ட வழி இயற்பியல் நோக்கிலும் சரியான வழியே.

நெருப்பா, நீரா?

விமர்சகன் மறுதரப்பையும் கேட்க வேண்டும். "தொட்டியையே மேலே வைத்துவிட்டால் பம்பே வேண்டாமே! எண்ணெய் தானாக இறங்கி வருமே!" என்று தோன்றும். அதற்குத் தடை நெருப்பு. நோயாளிகளின் தலைக்கு மேல் ஆயிரக்கணக்கான லிட்டர் டீசலை வைப்பது எளிதில் ஒப்பக்கூடியதன்று. குழாயில் ஒரு கசிவு ஏற்பட்டால் எண்ணெய் மாடி மாடியாக இறங்கும். தீயணைப்பு விதிகள் மேல்மாடிகளில் வைக்கும் எண்ணெயின் அளவுக்கு வரம்பு கட்டுவது இதனால்தான்.

இந்த அச்சம் நியூயார்க்கில் வெறும் கற்பனையாக இருக்கவில்லை. 2001 செப்டம்பர் 11இல் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த பிறகு, அதே வளாகத்திலிருந்த 47 மாடிக் கட்டடம் ஒன்று அன்று மாலை தீயில் இடிந்து விழுந்தது. அதன் உள்ளே பல மாடிகளில் அவசர ஜெனரேட்டர்களும் டீசல் தொட்டிகளும் இருந்தன. டீசல் எரிந்ததுதான் கட்டடத்தை வீழ்த்தியதோ என்ற ஐயம் அப்போது வலுவாக எழுந்தது. அமெரிக்க அரசின் தரநிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம் ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட முடிவு வேறு: அலுவலகப் பொருள்கள் எரிந்த சாதாரணத் தீயே காரணம், டீசலுக்கு அந்த வீழ்ச்சியில் பங்கில்லை. ஆயினும் அந்த அச்சம் நியாயமானதே.

ஆக, நெருப்பு எண்ணெயைக் கீழே போகச் சொல்கிறது; நீர் மேலே போகச் சொல்கிறது. இந்த இரண்டு கட்டளைகளுக்கும் நடுவில்தான் பொறியாளர் வழி காண வேண்டும். நியூயார்க்கில் கண்ட வழி பாதி வழி. எண்ணெயைக் கீழே வைத்து நெருப்பின் கட்டளைக்குப் பணிந்தார்கள். இயந்திரத்தை மேலே வைத்தார்கள். நடுவிலிருந்த பம்பை மட்டும் நீருக்கு விட்டுவிட்டார்கள். புகைபோக்கவும் இடவசதிக்காகவும்கூட ஜெனரேட்டரை மேலே வைப்பதுண்டு. காரணம் எதுவாயினும், வெள்ளம் வந்தபோது அந்த உயரத்தை நம்பித்தானே எல்லாரும் இருந்தார்கள்? ஓர் ஏற்பாடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்க வேண்டுமானால் அதன் மிகத் தாழ்ந்த, இன்றியமையாத உறுப்பு இருக்கும் இடத்தை அளக்க வேண்டும். அந்தக் கணக்கில் பெல்வியூவின் ஜெனரேட்டர்கள் 13ஆம் மாடியில் இல்லை, அடித்தளத்தில்தான் இருந்தன.

இதே பாடம் ஜப்பானிலும்

இதற்கு ஓராண்டுக்கு முன்னரே, 2011 மார்ச் 11இல், ஜப்பானில் புகுஷிமா அணுமின் நிலையம் இதே பாடத்தை இன்னும் கொடிய முறையில் கற்பித்தது. நிலநடுக்கத்தில் வெளி மின்சாரம் அறுந்தது. டீசல் ஜெனரேட்டர்கள் ஒழுங்காக இயங்கத் தொடங்கின. பிறகு ஆழிப்பேரலை வந்தது. அடித்தளங்களில் இருந்த ஜெனரேட்டர்கள் மூழ்கின. கரையோரத்து எண்ணெய்த் தொட்டிகளை அலை அடித்துச் சென்றது. அங்கே மூழ்காமல் தப்பிய ஜெனரேட்டர்களும் உண்டு. 2ஆம், 4ஆம் உலைகளுக்கு உரிய காற்றால் குளிரும் ஜெனரேட்டர்கள் உயரமான இடத்தில் இருந்ததால் நனையவில்லை. ஆனால் அவை தரும் மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் பலகைகள் தாழ்வான இடத்தில் மூழ்கிப் போனதால் அவற்றால் பயன் இல்லை. 6ஆம் உலைக்குரிய ஒரு ஜெனரேட்டர் மட்டும் பலகையோடு சேர்ந்து தப்பிற்று. 5ஆம், 6ஆம் உலைகள் இரண்டையும் காத்தது அந்த ஒன்றுதான்.

தொட்டிகளை அலை அடித்துச் சென்றதில் வியப்பில்லை. ஆர்க்கிமிடீஸ் விதியை இங்கே பொருத்திப் பாருங்கள். 10,000 லிட்டர் தொட்டி ஒன்று முற்றிலும் நீரில் மூழ்கினால் 10,000 கிலோ நீரை விலக்குகிறது. தொட்டியின் இரும்பு 1,000 கிலோ என்று கொள்வோம். காலித் தொட்டியை நீர் 9,000 கிலோ எடைக்குச் சமமான விசையோடு மேலே தள்ளும். "நிறைய எண்ணெய் நிரப்பி வைத்தால் எழும்பாது" என்று நினைப்பவர்கள் உண்டு. 10,000 லிட்டர் டீசலின் எடை 8,400 கிலோ. இரும்பையும் சேர்த்தால் 9,400. அப்போதும் 600 கிலோ மிதப்பு விசை மிஞ்சுகிறது. டீசல் நீரினும் இலேசானது என்பதை மறக்கக் கூடாது. தரையோடு பிணைக்காத தொட்டி, நிறைந்திருந்தாலும் வெள்ளத்தில் எழும்பப் பார்க்கும். எழும்பினால் முதலில் அறுவது இணைப்புக் குழாய்தான்.

தொட்டி நகராவிட்டாலும் இன்னொரு வழியில் கேடு வரலாம். தொட்டிக்குக் காற்றுக் குழாய் ஒன்று உண்டு. அதன் வாய் வெள்ள மட்டத்துக்குக் கீழே இருந்தால் நீர் அதன் வழியே உள்ளே இறங்கும். நீர் அடியில் தங்கும்; டீசல் மேலே மிதக்கும். எண்ணெய் எடுக்கும் குழாயின் முனையோ அடிப்பகுதியில் இருக்கிறது. பம்பு ஓடினாலும் இயந்திரத்துக்குப் போவது நீராகவே இருக்கும்.

நம் பக்கத்தில்

இவையெல்லாம் தொலைதூரத்துக் கதைகள் அல்ல. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கல்பாக்கத்தில் கடல்நீர்ப் பம்பு நிலையத்துக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஜெனரேட்டர் அறைக்குள் புகுந்ததையும் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள்.

வெள்ளம் வராத ஊர்களிலும் இந்த இணைப்பு கவனத்துக்கு உரியது. கல்யாண மண்டபத்திலோ அரிசி ஆலையிலோ ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஒரு பீப்பாயை உயரத்தில் ஏற்றி, ஒரு ரப்பர் குழாயை மாட்டி ஓட்டுவதைப் பார்த்திருக்கலாம். இந்த ஏற்பாட்டில் மூன்று குறைகள் வழக்கமாகக் காணப்படுகின்றன.

முதலாவது, ஒரே ஒரு குழாய். டீசல் இயந்திரத்தின் எண்ணெய்ப் பம்பு, எரிவதற்கு வேண்டியதைவிட அதிகமாகவே எண்ணெயை எடுத்து, மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். திரும்பும் எண்ணெய்க்கும் ஒரு குழாய் உண்டு. எடுக்கும் குழாயை மட்டும் பீப்பாயில் மாட்டிவிட்டுத் திரும்பும் குழாயைப் பழைய தொட்டியிலேயே விட்டுவிட்டால், பீப்பாய் குறையும். பழைய தொட்டி நிரம்பி வழியும். எடுத்த இடத்துக்கே திருப்பி அனுப்புவதுதான் முறை.

இரண்டாவது, உயரம். பீப்பாய் இயந்திரத்துக்கு மேல் 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் குழாயின் அடியில் 24,700 பாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் கால் பங்கு, எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். இயந்திரம் நின்ற பிறகும் அந்த அழுத்தம் நிற்காது. குழாய் எங்காவது விரிந்தால் பீப்பாயிலுள்ள 200 லிட்டரும் சூடான புகைபோக்கியின் பக்கம் கொட்டிவிடும். இயந்திரம் நின்றால் தானே மூடிக்கொள்ளும் வால்வு ஒன்று நடுவில் இருந்தாக வேண்டும்.

மூன்றாவது, காற்று வழி. பால் டின்னில் ஒரே ஒரு துளை போட்டுச் சாய்த்தால் பால் சரியாக விழாது. இரண்டாவது துளை போட்டால்தான் விழும். வீட்டில் எல்லாரும் அறிந்த இந்த உண்மை பீப்பாய் விஷயத்தில் மறந்துபோகிறது. மூடியை இறுக மூடினால் எண்ணெய் குறையக் குறைய உள்ளே அழுத்தம் குறையும். சிறிது நேரத்தில் இயந்திரம் எண்ணெய் கிடைக்காமல் திணறி நிற்கும். இணைப்பில் எங்காவது காற்றை உறிஞ்சிக்கொண்டாலோ, அதை வெளியேற்றினாலன்றி டீசல் இயந்திரம் மறுபடி ஓடாது. இந்த வேலைகளைத் தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டே செய்ய வேண்டும்; வாசகர்கள் சோதனையாகச் செய்து பார்க்கக் கூடாது.

எப்படி இருந்திருக்கலாம்?

குறை சொல்பவன் மாற்று வழியும் சொல்ல வேண்டும். பெரிய தொட்டி கீழே இருக்கட்டும். ஆனால் தரையோடு பிணைக்கப்பட்டு, அதன் காற்றுக் குழாயும் எண்ணெய் ஊற்றும் வாயும் வெள்ள மட்டத்துக்கு மேல் இருக்கட்டும். பம்பு கீழே இருக்கட்டும். ஆனால் நீர் புகாத அறையிலோ, நீரில் மூழ்கினாலும் ஓடும் வகையிலோ இருக்கட்டும். அதற்கு மின்சாரம் தரும் கம்பியும் அதை இயக்கும் பலகையும்கூட அவ்வாறே இருக்க வேண்டும். பம்பு நனையாமல் அதன் சுவிட்சு நனைந்தாலும் விளைவு ஒன்றுதான்.

மேலே ஜெனரேட்டருக்கு அருகில், 'டே டேங்க்' என்று தொழிலில் வழங்கும் சிறு தொட்டி, தீயணைப்பு விதி அனுமதிக்கும் முழு அளவுக்கு இருக்கட்டும். கீழ்ப் பம்பு நிற்காமல் ஓடிவிட்டால் அது வழியாதிருக்க, கீழ்த் தொட்டிக்குத் திரும்பும் குழாய் ஒன்று வேண்டும். அது ஏற்றும் குழாயைவிடப் பருமனாக இருக்க வேண்டும். ஏனெனில் ஏற்றும் குழாயில் எண்ணெயைத் தள்ளுவது பம்பு. திரும்பும் குழாயிலோ அது தன் எடையால் மட்டுமே இறங்குகிறது.

கடைசியாக, எல்லாவற்றிலும் மலிவான ஒன்று. மாடிக்கு ஏறும் எண்ணெய்க் குழாயில், தெருவிலிருந்து எட்டக்கூடிய, வெள்ள மட்டத்துக்கு மேலான இடத்தில், ஓர் இணைப்பு வாய் வைத்துவிடலாம். கீழ்ப் பம்பு நின்றுபோனால், தக்க பம்புள்ள டீசல் லாரி வந்து தன் குழாயை அங்கே மாட்டி நேரே மேலே தள்ளிவிடும். சாண்டிக்குப் பிறகு நியூயார்க்கில் ஒரு பணிக்குழு அமைத்து ஆராய்ந்தார்கள். 2013 ஜூனில் வந்த அதன் அறிக்கை, வெளியிலிருந்து தற்காலிக ஜெனரேட்டர்களைக் கொண்டுவந்து கட்டடத்தோடு இணைப்பதற்கான வசதியை முன்கூட்டியே செய்து வைக்கும்படி கூறிற்று. நான் சொல்வதும் அதே போக்கில் ஓர் அடி. துன்பம் வந்தபின் வெளி உதவி வந்து சேரும். வந்த உதவி உள்ளே நுழைய வாசல் இருக்க வேண்டும்.

முதலில் கேட்ட நான்கு கேள்விகளுக்கு இப்போது விடை சொல்லலாம். மின்சாரம் போனாலும் நோயாளிகளைக் காப்பது நோக்கம். அது நிறைவேறவில்லை. பிசகியது இயந்திரத்தில் அன்று, இணைப்பில். அந்தப் பிசகு தவிர்க்கக் கூடியதே. பம்பைக் கீழே வைத்தது தவறன்று. அதைக் காக்காமல் விட்டது தவறு. கணக்கோ, பள்ளி இறுதி வகுப்பு மாணவர் ஒருவர் பத்து நிமிடத்தில் போடக்கூடியது.

ஆகவே, வாசகர்களே, உங்கள் ஊர் மருத்துவமனைக்கோ கல்லூரிக்கோ புதிதாக ஜெனரேட்டர் வந்திருக்கிறது என்று யாரேனும் பெருமையாகக் காட்டினால், அது எத்தனை கிலோவாட் என்று கேளுங்கள், கேட்டுவிட்டு, "தொட்டி எங்கே? பம்பு எங்கே? அதன் சுவிட்சு எங்கே? சென்ற பெருமழையில் தண்ணீர் எதுவரை வந்தது?" என்றும் கேளுங்கள். நான்குக்கும் விடை தெரிந்தவர் ஒருவர் அங்கே இருந்தால் அந்த ஜெனரேட்டரை நம்பலாம்.